கீழே இறங்குபவருக்குத் தெரிய வேண்டியது



நம் தருமபுரியில் நிலக்கரிச் சுரங்கம் இல்லை. ஆனாலும் சுரங்கம் நமக்குப் புதிதல்ல. இந்த மண் சேலம் மாவட்டத்தோடு இருந்த காலத்தில், சேலம், வடஆர்க்காடு சேரிகளிலிருந்து நம் மக்கள் கோலார் தங்கவயலுக்குப் போனார்கள். அங்கே மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சுரங்கம் இறங்கியது. 2001இல் அது மூடப்பட்டது. உயிரைப் பணயம் வைத்துக் கீழே இறங்குபவருக்குப் பாதுகாப்பு அறிவு முழுதாகத் தரப்படுகிறதா என்ற கேள்வி மட்டும் இன்னும் திறந்தே கிடக்கிறது. இன்று நிலக்கரிச் சுரங்கத் தீயை வைத்து அதைப் பேசுகிறேன்.

நிலக்கரி தானாகவே தீப்பிடிக்கும். வெட்டியது போக விட்டுவைத்த கரி, காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு மெல்லச் சூடேறும். சுவர் வியர்க்கும், எண்ணெய் போன்ற வாடை வரும். இதை முதலில் உணர்பவர் அங்கே வேலை செய்யும் தொழிலாளிதான். தீயைவிட அதிகம் கொல்வது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. 1994 ஜனவரி 25 அன்று மேற்கு வங்கத்தின் நியூ கெண்டா சுரங்கத் தீயில் 55 பேர் மாண்டார்கள்.

இடுப்பில் மாட்டிச் செல்லும் சுவாசக் கருவி உண்டு. அதில் வடிகட்டும் வகை, நச்சுவாயு நுழைந்தால் சூடாகும். பயிற்சி இல்லாதவர், கருவி கெட்டுவிட்டது என்று வாயிலிருந்து பிடுங்கிவிடுவார். அந்தச் சூடுதான் கருவி வேலை செய்வதன் அடையாளம் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அவர் பிழைப்பார்.

1966ஆம் ஆண்டின் விதிகளே சுரங்கத் தொழிலாளிக்குப் பயிற்சி தரவேண்டும் என்றன. அது பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதோடு முடியக்கூடாது. கண்ணைக் கட்டிக்கொண்டு தப்பும் வழியில் நடந்து பழக வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அவர் தாய்மொழியில் சொல்லித்தர வேண்டும். வாடை வருகிறது என்று வேலையை நிறுத்தியவருக்குக் கூலி வெட்டு கூடாது.

1943இல் தொழிலாளர் துறைப் பொறுப்பிலிருந்த அண்ணல் அம்பேத்கர், தன்பாத் பகுதியில் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தார். 1944இல் நிலக்கரித் தொழிலாளர் நலநிதி வந்தது.

எழுதும் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கவயல் தாத்தாக்களின் கதையை எழுதும்போது, செத்தவர்களைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். எந்தச் சத்தம் கேட்டு ஓடினார்கள், யார் சொல்லித்தந்தார்கள் என்றும் கேட்டு எழுதுங்கள். கீழே இறங்கும் அடுத்த பிள்ளைக்கு அது பயன்படும்.