வாங்கி வை, சாப்பிட்டுப் பார்: டோக்கியோவில் ஒரு தமிழ்க் குடித்தனம்



டோக்கியோவின் கிழக்கே, எதோகவா வட்டாரத்தில், நிஷி-கசாய் என்று ஒரு ரயில் நிலையம். காலை எட்டு மணிக்குள் அதைச் சுற்றிக் குடியிருப்பவர்கள் குப்பையைக் கீழே கொண்டுவந்து வைத்தாக வேண்டும். எரிக்கக்கூடியதற்குத் தனி நாள், எரிக்கக்கூடாததற்குத் தனி நாள், பாட்டிலுக்கும் பழைய செய்தித்தாளுக்கும் வேறு நாள். பைகளை வைத்த பிறகு மேலே ஒரு வலையை இழுத்து மூட வேண்டும். எதற்கு? காக்கை கொத்திக் கிளறிவிடாமல் இருக்கத்தான். கோவையிலிருந்து போன ஒரு குடும்பத்தலைவிக்கு முதல் வாரம் முழுக்க அந்த வலைதான் மனசை உறுத்தியது. ஊரில் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைக்காமல் அவர் சாப்பிட உட்கார்ந்ததில்லை.

இந்தியக் குடும்பங்கள் இந்த இடத்தைத் தேடி வந்ததற்குக் காரணம் உண்டு. 2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகளில் தேதிக் குழப்பம் வந்துவிடும் என்று உலகமே அஞ்சியது நினைவிருக்கும். அதைச் சரிசெய்யப் போன பொறியாளர்களில் பலர் இங்கே வீடு பிடித்தார்கள். ஓதேமாச்சி அலுவலகப் பகுதிக்கு தோசாய் ரயிலில் நேராகப் போய்விடலாம். ஜாமீன் கையெழுத்துக்கு ஆள் தேட வேண்டாத அடுக்குமாடி வீடுகளும் இருந்தன. பிறகு இந்தியப் பள்ளி வந்தது, மசாலா விற்கும் கடை வந்தது.

காகித வேலை அதிகமில்லை. வீடு அமைந்த 14 நாளுக்குள் வட்டார அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்துவிட்டால் பெரியவர்களுக்கு வைத்தியச் செலவில் 30 விழுக்காடுதான் கையிலிருந்து போகும். இதெல்லாம் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். அடுப்படி அப்படியல்ல.

அந்தக் கோவைக் குடும்பம் சைவம். கடையில் ஒரு சூப் பொட்டலம். படத்தில் காய்கறி மட்டும்தான் தெரிகிறது. ஆனால் ஜப்பானியச் சமையலுக்கு உயிரே தாஷி என்கிற சாறுதான். அதைப் பெரும்பாலும் கத்சுவோ என்ற மீனைக் காயவைத்துச் சீவிய செதில்களில் இறக்குகிறார்கள். இலங்கை நேயர்கள் சம்பலுக்கு இடித்துப் போடுகிறார்களே மாசிக் கருவாடு, அதே சூரை மீன்! பொட்டலத்தின் பின்புறம் அந்தப் பெயர் பல சமயம் ஹிரகானா எழுத்தில் இருக்கும்: க, த்சு, ஒ. மூன்றே எழுத்து. அந்த அம்மா முதலில் கற்றது தன் பெயரை அல்ல, இந்த மூன்று எழுத்தைத்தான். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, பணப்பையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பொட்டலத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மொழி அவருக்கு அப்படித்தான் அறிமுகமானது. இங்கே கொஞ்சம் நின்று பேசத்தான் வேண்டும்.

ஆங்கிலம் வழியாக ஜப்பானியம் படிக்கிறவர் வாக்கியத்தைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டியிருக்கும். தமிழருக்கு அந்தத் தொல்லை இல்லை. “சென்னை கரா கிமஷிதா” என்றால் “சென்னையிலிருந்து வந்தேன்”. கரா என்பது நம்முடைய ‘இருந்து’. ஊர்ப்பெயருக்குப் பின்னால், நாம் வைக்கிற அதே இடத்தில் வந்து உட்கார்கிறது. வினை கடைசியில் வருகிறது.

இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். தபேரு என்றால் சாப்பிடுவது, மிரு என்றால் பார்ப்பது. இரண்டையும் சேர்த்து “தபேதே மிரு” என்றால்? சாப்பிட்டுப் பார்ப்பது! கண்ணால் பார்ப்பதல்ல, ருசி எப்படி என்று பார்ப்பது. ஒகு என்றால் வைப்பது. “கத்தே ஒகு” என்றால் வாங்கி வைப்பது. நாளைக்கு விருந்தாளி வருகிறார், பால் வாங்கி வை என்கிறோமே, அந்த ‘வை’. வானொலிக்கு அருகில் இருப்பவர்கள் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பார்த்தீர்களா, ‘சொல்லிப் பாருங்கள்’ என்பதிலும் அதே ‘பார்’தான்!

இரட்டைக் கிளவிக்கும் அங்கே பஞ்சமில்லை. நமக்குப் பளபள என்றால் அவர்களுக்கு பிகபிக. நெஞ்சு நமக்குப் படபட என்று அடித்தால் அவர்களுக்கு தோகிதோகி.

இந்த ஒற்றுமை அறிஞர்களையும் விடவில்லை. ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டென்று பல ஆண்டுகள் எழுதினார். யாழ்ப்பாணத்து அறிஞர்களான அருணாசலம் சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். ஜப்பானில் ஜனவரி 15 அன்று செம்பயறு போட்டுக் கஞ்சி காய்ச்சும் வழக்கத்தை ஓனோ நம் பொங்கலோடு வைத்துப் பார்த்தார். அந்த உறவை மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் உறவு உண்டோ இல்லையோ, இலக்கண அமைப்பில் உள்ள ஒற்றுமை புதிதாகப் போய் இறங்குகிறவருக்குக் கைகொடுக்கிறது.

ஜப்பானியப் பள்ளியைப் பற்றிச் சொல்ல நேரம் குறைவு. ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஆறு வயதுப் பிள்ளைகள் தாங்களே நடந்து போகிறார்கள், வகுப்பைத் தாங்களே பெருக்குகிறார்கள், மதியச் சாப்பாட்டை முறைவைத்துப் பரிமாறுகிறார்கள். அந்தக் கோவைச் சிறுமி ஆறே மாதத்தில் அம்மாவின் உச்சரிப்பைத் திருத்த ஆரம்பித்துவிட்டாள்.

கணவருக்கு ஜப்பானில் வேலை கிடைத்து, புளியும் மிளகாய்த்தூளும் கட்டிக்கொண்டிருக்கும் குடும்பம் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வேண்டுகோள். ஹிரகானாவில் அடிப்படை எழுத்து 46தான். நாளைக்கு இரண்டு என்று வைத்தாலும் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். விமானம் ஏறுவதற்கு முன்பே, வீட்டிலிருக்கும் எல்லோருமாகச் சேர்ந்து படித்து வையுங்கள்.