வரி எண்ணும் தமிழ்ப் பனுவலும்



தொப்பூரில் இன்று தொடங்கும் இக்கருத்தரங்கு எடுத்துக்கொண்டுள்ள பொருள், கணினி நிரல் ஒன்று பனுவலைப் படித்துச் செல்லும்போது தான் நிற்கும் வரி எத்தனையாவது என்பதை எவ்வாறு பிழையின்றி அறிந்திருப்பது என்பதாகும். பார்வைக்கு இது ஒன்று, இரண்டு என எண்ணிச் செல்லும் எளிய பணியே. ஆயினும் வரி எண் என்பது வெறும் எண்ணிக்கையாக நின்றுவிடாமல், படித்தவர் மீண்டும் மூலத்துக்குச் சென்று சரிபார்க்க வழிகாட்டும் சான்றாக அமைவதால், அது வாசிப்பின் அடித்தளத்திலேயே பதிவாகி இறுதிவரை உடன்வர வேண்டும் என்பதே இவ்வுரை வலியுறுத்த விழையும் கருத்து. தொப்பூர்க் கணவாய் வழியாகச் செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் விபத்து நேரும்போது, எத்தனையாவது கிலோமீட்டர் என்று சொல்லாத தகவல் மீட்புப் பணியாளருக்கு எந்த அளவு பயன்படுமோ, வரி எண் இல்லாத பிழைச்செய்தியும் நிரலருக்கு அந்த அளவே பயன்படும்.

தொப்பூர் அமைந்துள்ள தருமபுரி மாவட்டத்துக்கு இச்சிக்கல் புதியதன்று. இப்பகுதியில் மிகுதியாகக் கிடைத்துள்ள நடுகற்களில், கல்லின் அகலம் முடிந்த இடத்தில் வரி முடிகிறதேயன்றிச் சொல் முடிந்த இடத்தில் முடிவதில்லை. ஆகவே ஒரு சொல்லின் முதற்பகுதி ஒரு வரியிலும் எஞ்சிய பகுதி அடுத்த வரியிலும் நிற்பது இயல்பு. 1890-இல் கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி தொடங்கி, கல்வெட்டுப் பதிப்பாசிரியர்கள் சொல்லைச் சேர்த்துப் படித்தபோதும் கல்லின் வரி எண்ணைக் கைவிடாமல் காத்துவந்துள்ளனர். படிப்பவர் ஐயுற்றால் கல்லின் முன் சென்று அவ்வரியைப் பார்க்க இயலவேண்டும் என்ற அறிவுநேர்மையே அம்மரபின் அடிப்படை. நிரலாக்கத்துக்கும் அதுவே அடிப்படையாக வேண்டும்.

உள்ளீட்டோடை என்பது கோப்பிலிருந்தோ விசைப்பலகையிலிருந்தோ வலையமைப்பிலிருந்தோ ஒன்றன்பின் ஒன்றாக வந்துசேரும் பைட்டுகளின் தொடர். அத்தொடரில் வரி என்று தனியே ஏதும் இல்லை. வரி முடிந்தது என உணர்த்தும் குறிகள் மட்டுமே உள்ளன. யூனிக்ஸ் மரபில் 10 என்ற எண்ணுடைய குறியும், பழைய மக்கின்டாஷ் மரபில் 13 என்ற எண்ணுடைய குறியும், விண்டோஸ் மரபில் 13, 10 ஆகிய இரண்டும் இணைந்து ஒன்றாகவும் வரிமுடிவைக் காட்டுகின்றன. எனவே 13-ஐக் கண்டவுடன் எண்ணிக்கையைக் கூட்டும் நிரல், அதை அடுத்து 10 வருமாயின் மீண்டும் கூட்டாதிருக்க, முன் வந்த குறியை நினைவில் வைத்திருக்க வேண்டும். இதை மறந்த நிரல், விண்டோஸ் கோப்பின் நூறு வரிகளை இருநூறு என்று சொல்லும். கடைசி வரிக்குப்பின் முடிவுக்குறி இல்லாத கோப்புகளிலும் கருத்து வேறுபாடு எழுகிறது; முடிவுக்குறிகளை மட்டும் எண்ணும் யூனிக்ஸின் டபிள்யூசி கட்டளை அவ்வரியைக் கணக்கில் சேர்ப்பதில்லை, 1977-இல் உருவான ஆக் என்னும் நிரல்மொழியோ அதையும் ஒரு வரியாகவே எண்ணுகிறது.

எங்கே எண்ணுவது என்பது அடுத்த வினா. வேகம் கருதி நிரல்கள் ஓடையிலிருந்து ஆயிரக்கணக்கான பைட்டுகளை ஒரே வீச்சில் இடையகம் எனப்படும் தற்காலிக நினைவிடத்தில் நிரப்பிக்கொண்டு, அதிலிருந்து சிறிது சிறிதாக எடுத்துப் பயன்படுத்துகின்றன. இடையகத்தை நிரப்பும்போதே வரிகளை எண்ணினால், எண்ணிக்கை வாசிப்பைவிட முன்னே ஓடிவிடும். ஐந்தாம் வரியில் உள்ள பிழையை நிரல் நாற்பதாம் வரியில் இருப்பதாக அறிவிக்கும். ஆகவே எழுத்து ஒன்று நுகரப்படும் கணத்திலேயே எண்ணிக்கை மாற வேண்டும். எடுத்த எழுத்தை ஓடையிலேயே திருப்பிவைக்க நேர்ந்தால் எண்ணிக்கையும் உடன் பின்வாங்க வேண்டும். ஜாவா மொழியின் லைன்நம்பர்ரீடர் என்னும் வகுப்பு, வாசிப்பில் ஓரிடத்தைக் குறித்துவைத்துப் பின்னர் அங்கே திரும்பும்போது வரி எண்ணையும் சேர்த்தே மீட்டுத் தருவது இதற்கு நல்ல முன்மாதிரி. அதற்கு முந்தைய லைன்நம்பர்இன்புட்ஸ்ட்ரீம், பைட்டும் எழுத்தும் ஒன்றே எனத் தவறாகக் கொண்டதால், ஜாவாவின் 1.1-ஆம் பதிப்பிலேயே தவிர்க்கத்தக்கதென அறிவிக்கப்பட்டது.

பைட்டு வேறு, எழுத்து வேறு என்னும் இவ்வுண்மை தமிழில் மிகக் கூர்மையாக வெளிப்படுகிறது. எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறையாகிய குறியேற்றங்களுள் இன்று பரவலாக வழங்கும் யுடிஎஃப்-8-இல், தமிழ் எழுத்துகளைக் குறிக்கும் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளியும், அதாவது யூனிகோடு ஒவ்வொரு குறிக்கும் தரும் எண்ணும், மூன்று பைட்டுகளாக எழுதப்படுகிறது. அவற்றுள் ‘அ’ என்னும் எழுத்து 224, 174, 133 என்ற மூன்றால் ஆனது. இவ்வாறு எழுதிய கோப்பை ஒரு நிரல் லத்தீன்-1 என்னும் மேலைக் குறியேற்றம் எனத் தவறாகக் கருதித் திறந்தால், ஒவ்வொரு பைட்டும் தனி எழுத்தாகிவிடும். லத்தீன்-1 முறையில் 133 என்பதும் ஒரு வரிமுடிவுக் குறியே. பைத்தான் மொழியின் ஸ்பிளிட்லைன்ஸ் என்னும் செயற்பாடும், ஜாவாவின் ஸ்கேனர் வகுப்பும் அக்குறியை மதித்து அங்கே வரியை முறித்துவிடுகின்றன. ‘ஆடு’ என்ற சொல் வரி முறியாமல் தப்ப, ‘அறம்’, ‘அன்பு’, ‘அகம்’ என அகரத்தில் தொடங்கும் சொல் ஒவ்வொன்றும் ஒரு பொய் வரியைப் பெற்றெடுக்கும். ஜாவாவின் லைன்நம்பர்ரீடரோ 133-ஐ வரிமுடிவாகக் கொள்வதில்லை. ஆதலால் ஒரே மொழியின் இரு கருவிகள், ஒரே கோப்புக்கு இருவேறு வரி எண்களைத் தரும் நிலை உருவாகிறது. இத்தகைய பிழை திரையில் ஆரவாரமின்றி நுழைவதால், பின்னர் அதைக் கண்டுபிடிப்பது அரிது.

இதன் விளைவு இலக்கிய ஆய்வையும் தாக்கும். சங்க நூல்களுக்கான சொல்லடைவுகள், அதாவது ஒவ்வொரு சொல்லும் எந்த நூலின் எந்த அடியில் வருகிறது என்று காட்டும் அகரவரிசைப் பட்டியல்கள், முற்காலத்தில் சீட்டுகளில் கையால் எழுதித் தொகுக்கப்பட்டன. இன்று அப்பணியை நிரல்கள் செய்கின்றன. 782 அடிகள் கொண்ட மதுரைக்காஞ்சியின் தொடக்கத்தில் ஒரு வரி கூடுதலாக எண்ணப்பட்டால், அதன்பின் வரும் எல்லா மேற்கோள்களும் ஓரடி பிறழும். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் திரட்டிய மின்பனுவல்கள் முதலில் திஸ்கி குறியேற்றத்திலும் பின்னர் யூனிகோடிலும் அமைந்தவை. இப்படிக் குறியேற்றம் மாறும் ஒவ்வொரு கட்டத்திலும் அடி எண்ணைச் சரிபார்ப்பது பதிப்புப் பணியின் ஒரு பகுதியாகவே கருதத்தக்கது.

தமிழில் நிரல் எழுதக் கற்கும் சிறார்க்கு இது இன்னும் நெருக்கமான தேவை. முத்தையா அண்ணாமலை 2009-இல் கட்டுரை வாயிலாக அறிமுகப்படுத்திய எழில் மொழி, தமிழ்வழி மாணவர் தம் மொழியிலேயே நிரலாக்கத்தைத் தொடங்க வேண்டும் என்னும் நோக்குடையது. அத்தகைய மாணவர் மேற்கோள்குறியை மூடாமல் விட்டால், நிரல் கோப்பின் இறுதிவரை சென்று பிழையை உணரும். அப்போது கடைசி வரி எண்ணைச் சொல்வது மாணவரைத் திகைக்கவைக்கும். மேற்கோள் தொடங்கிய வரியின் எண்ணைச் சொன்னால்தான் திருத்தம் கைகூடும். ஆதலால் நிரல் பனுவலைப் பகுத்தெடுக்கும் சொற்கூறு ஒவ்வொன்றும் தான் தொடங்கிய வரி, முடிந்த வரி ஆகிய இரண்டையும் உடன்கொண்டு செல்ல வேண்டும். வரிக்குள் எத்தனையாவது எழுத்து என்பதைச் சுட்டும்போதும், ‘கொ’ என்பது இரண்டோ மூன்றோ குறியீட்டுப் புள்ளிகளாகவும் அதற்கேற்ப ஆறோ ஒன்பதோ பைட்டுகளாகவும் அமைந்தாலும், மாணவர் கண்ணுக்கு அது ஓரெழுத்தே என்பதை நிரல் மதிக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் கருதி, தமிழ்ப் பனுவலைக் கையாளும் ஒவ்வொரு கருவியும் எக்குறிகளை வரிமுடிவாகக் கொள்கிறது, எண்ணிக்கையைச் சுழியத்தில் தொடங்குகிறதா ஒன்றில் தொடங்குகிறதா, எக்குறியேற்றத்தில் கோப்பைத் திறக்கிறது என்பவற்றை வெளிப்படையாக எழுதிவைக்க வேண்டும் என்றும், கோப்பின் பெயரும் வரி எண்ணும் பிரியாமல் இணைந்தே வழங்க வேண்டும் என்றும், அகரச் சொற்களும் மூவகை வரிமுடிவுகளும் கலந்த சோதனைக் கோப்பு ஒன்றை இவ்வவை உருவாக்கிப் பொதுவில் வைக்க வேண்டும் என்றும் கருத்தரங்கின் தலைமை முன்மொழிகிறது. அமர்வுகளில் படிக்கப்படவுள்ள கட்டுரைகள் இம்முன்மொழிவுகளை ஆய்ந்து திருத்தியும் விரித்தும் செயலுக்குக் கொண்டுவரும் என்னும் உறுதியோடு, இக்கருத்தரங்கு தொடங்கிவைக்கப்படுகிறது.