பரீட்சைக்கு ரெண்டு எழுத்து, நோயாளிக்கு முழு வார்த்தை



நான் திருவொற்றியூர்ல இருந்து வர்றேன். ஆஸ்பத்திரி உதவியாளர் பரீட்சைக்குப் படிக்கிற எங்க பகுதிப் பெண்களுக்குச் சாயங்காலத்துல பாடம் சொல்லித் தர்றேன். மருந்துச் சீட்டுச் சுருக்கங்களைப் படிப்பது பரீட்சைக்கா, நோயாளிக்கா என்று கேட்டால், நோயாளிக்கே என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தம்பி சொன்னார்: "மனப்பாடம் பண்ணு, டிக் அடி, வேலைக்குப் போ. மீன் கூடை தூக்குற அம்மாவுக்கு மாசம் பொறந்தா பொண்ணு சம்பளம் வரணும்." தம்பி, அந்தச் சம்பளத்தோட அருமை எனக்கும் தெரியும். ஆனா பரீட்சை ஒரு நாள்தான். வார்டு தினமும் உண்டு!

நடுவர் அவர்களே, வகுப்புல டி.டி.எஸ்.னா என்னன்னு கேட்டேன். "சம்பளத்துல பிடிக்கிற வரி"ன்னு ஒரு பொண்ணு சொல்லுது. ஏ.சி.? "அசிஸ்டென்ட் கமிஷனர்." பி.சி.? "போலீஸ் கான்ஸ்டபிள்." (சிரிப்பு) சீட்டில் டி.டி.எஸ். என்றால் நாளுக்கு மூன்று வேளை. ஏ.சி. சாப்பாட்டுக்கு முன், பி.சி. சாப்பாட்டுக்குப் பின். எல்லாம் லத்தீன் மொழியிலிருந்து வந்த சுருக்கங்கள்.

எண்ணூர், மணலிப் பக்கம் ஓ.டி.ன்னா ஓவர்டைம். சட்டப்படி இரட்டைச் சம்பளம். சீட்டில் ஓ.டி. என்றால் நாளுக்கு ஒரே ஒரு வேளை. கண் மருத்துவத்தில் அதுவே வலது கண்! காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு எஸ்.ஓ.எஸ். தெரியும், கடல்ல ஆபத்து, காப்பாத்துங்கன்னு அர்த்தம். சீட்டில் எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும் சாப்பிடு. வலிக்கு எழுதின எஸ்.ஓ.எஸ். மாத்திரையை, வலியே இல்லாம மூணு வேளையும் முழுங்கினா யார் காப்பாத்துறது?

படித்தவர்களே தடுமாறுகிறார்கள். இன்சுலின் அளவை எழுதும்போது, யூனிட் என்பதற்கு ஆங்கில 'யு' எழுத்தை மட்டும் போடுவார்கள். கையெழுத்தில் அது பூஜ்யம் மாதிரி தெரிந்தால் 10 யூனிட், 100 ஆகிவிடும்! அதனால்தான் அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகளின் தரத்தைப் பார்க்கிற ஜாயின்ட் கமிஷன், 2004-இல் 'இவற்றை எழுதாதே' என்று ஒரு பட்டியலே போட்டது. அந்த 'யு' அதில் இருக்கிறது. நம் நாட்டிலும் மருந்தின் பெயரைத் தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016-இல் மருத்துவக் கவுன்சில் விதி கொண்டுவந்தது.

சரி, டாக்டர் தெளிவா எழுதிட்டா போதுமா? எங்க ஸ்டான்லி ஆஸ்பத்திரியை வடசென்னைப் பெரியவங்க இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரின்னுதான் சொல்வாங்க. அந்தக் காலத்துப் பஞ்சத்துல கஞ்சி ஊத்தின சத்திரத்துல ஆரம்பிச்ச வரலாறு அது. கஞ்சி ஊத்துறது எங்க ஊர்ல புண்ணியம். இப்போ எந்த ஆஸ்பத்திரியிலாவது ஆபரேஷனுக்குக் காத்திருக்கிற பிள்ளையின் கட்டில்ல 'என்.பி.எம்.'னு எழுதி மாட்டியிருந்தா, பெத்தவளுக்கு என்ன புரியும்? "பச்சைத் தண்ணிகூட இல்லாம கெடக்குதே"ன்னு ஒரு வாய் கஞ்சி ஊட்டிடுவா. அன்புதான்! ஆனா மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

பரீட்சையில் 'வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது' என்று எழுதினால் ஒரு மார்க். கட்டில் பக்கத்தில் நின்று, "அம்மா, இப்போ கஞ்சி குடுத்தா மூச்சுக்குள்ள போயிடும். டாக்டர் சொன்னப்புறம் நானே வந்து சொல்றேன்"னு சொன்னா ஒரு உயிர்! (கைதட்டல்)

அதனாலதான் என் பொண்ணுங்களுக்கு மூணு விஷயம் சொல்வேன். எழுத்தைப் படி. அர்த்தத்தை நோயாளி வீட்ல பேசுற தமிழ்ல சொல்லு. சந்தேகம் வந்தா ஊகிக்காதே, நர்ஸக்காவைக் கேள். கேட்டா கௌரவம் குறையாது.

பரீட்சைத் தாளைத் திருத்துபவர் வாத்தியார். படித்த படிப்பைத் திருத்துபவர், மருந்தைச் சரியான வேளையில் சாப்பிட்டுக் குணமாகி வீட்டுக்குப் போகிற நோயாளி. எனவே இந்தப் படிப்பு நோயாளிக்கே!