பனிக்கு நடுவே பச்சைக் கீரை

 

நம் நாட்டின் வடகோடியில் இருப்பது லடாக். அங்குள்ள பெரிய ஊர் லே. அது கடல் மட்டத்திலிருந்து சுமார் 11,500 அடி உயரத்தில் உள்ளது. 2019-ஆம் ஆண்டு முதல் லடாக் தனி யூனியன் பிரதேசம்.

தை மாதத்தில் அங்கே கடுங்குளிர். ஓடை உறைந்துவிடும். குடத்துத் தண்ணீர் கல்லாகிவிடும். தண்ணீர் உறையும் நிலையைப் பூஜ்யம் டிகிரி என்பார்கள். லடாக்கில் சில இரவுகளில் குளிர் அதற்கும் 20 டிகிரி கீழே போகும். வெளியே ஒரு விதையும் முளைக்காது.

வெளியூரிலிருந்து காய்கறி வராதா? மலைப் பாதையைப் பனி மூடிவிடும். முன்பெல்லாம் மாதக் கணக்கில் லாரி வராது. விமானத்தில் வரும் காய்கறி ஏழைக்கு எட்டாத விலை. கோடையில் காயவைத்த கீரை, குழியில் புதைத்துவைத்த முள்ளங்கி, உருளைக்கிழங்கு. குளிர்காலம் முழுவதும் இவைதான் உணவு. பச்சைக் கீரையைப் பார்க்கக் கோடை பிறக்க வேண்டும்.

இன்று பல வீடுகளில் நிலைமை மாறியிருக்கிறது. எப்படி?

லடாக்கில் குளிர் அதிகம். ஆனால் மழையும் மேகமும் குறைவு. ஆண்டில் 300 நாளுக்கு மேல் வெயில் அடிக்கும். அந்த வெயிலைப் பிடித்து வைக்க மக்கள் கற்றுக்கொண்டார்கள்.

வீட்டுப் பக்கத்தில் மண் செங்கல்லால் நீளமான கொட்டகை கட்டுகிறார்கள். வடக்கு, கிழக்கு, மேற்கு ஆகிய மூன்று பக்கமும் இரட்டைச் சுவர். இரண்டு சுவருக்கும் நடுவே வைக்கோல் அடைக்கிறார்கள். அது சூட்டை வெளியே விடாது. தெற்கே சுவர் இல்லை. அங்கே ஒளி புகும் பாலித்தீன் தாளைச் சரிவாகக் கட்டுகிறார்கள். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். அதனால் வெயில் நேராக உள்ளே விழும். வடக்குச் சுவரின் உட்பக்கம் கறுப்பு வண்ணம் பூசுகிறார்கள். கறுப்பு, சூட்டை இழுத்துக்கொள்ளும். பகலில் வாங்கிய சூட்டைச் சுவர் இரவில் திருப்பித் தரும்.

கொட்டகை கட்டப் பணம் இல்லையா? சுமார் 3 அடி ஆழத்தில் நீளமாகப் பள்ளம் வெட்டுகிறார்கள். மேலே பாலித்தீன் தாளை மூடுகிறார்கள். பூமியின் சூடே பயிரைக் காக்கிறது.

பெரும்பாலும் பெண்களே இந்தத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். பொழுது சாயும்போது தாளின் மேல் கனத்த துணியைப் போர்த்த வேண்டும். காலையில் வெயில் வந்ததும் அதை எடுக்க வேண்டும். கடுங்குளிரில் ஓர் இரவு மறந்தாலும் இளம் நாற்று கருகிவிடலாம். பகலில் சூடு மிஞ்சினால் காற்று வழியைத் திறந்துவிட வேண்டும்.

உழைப்புக்குப் பலன் உண்டு. வெளியே எங்கும் வெண்பனி. கொட்டகைக் கதவைத் திறந்தால் ஈர மண் வாசனை. கொத்தமல்லி வாசனை. பாலக்கீரை, வெந்தயக்கீரை எல்லாம் பச்சைப் பசேல் என்று நிற்கும். ஒரு கைப்பிடி பறித்துத் துக்பாவில் போடுகிறார்கள். துக்பா என்பது நூடுல்ஸ் போட்ட அவர்களின் சூடான சூப். பிள்ளைகள் ஆவலோடு குடிக்கிறார்கள். உண்டது போக மிஞ்சிய கீரையைச் சந்தையில் விற்கிறார்கள். குளிர்காலத்திலும் பெண்கள் கையில் காசு புழங்குகிறது.

லடாக் மக்களால் குளிரைத் தடுக்க முடியவில்லை. ஆனால் தங்களிடம் வெயில் இருப்பதை அறிந்தார்கள். அதைப் பயன்படுத்தினார்கள்.

உங்கள் ஊரில் எது குறைவு? எது நிறைய இருக்கிறது? நிறைய இருப்பதைக் கொண்டு குறையைத் தீர்க்க வழி உண்டா? கூடிப் பேசுங்கள்.