வீட்டில் நடக்கும் டீச்சர் விளையாட்டு

(ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை கையாளும் ஆசிரியர்களுக்கான பயிற்சியில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



ஜூன் மாத முதல் வாரத்தில் ஒன்றாம் வகுப்பு ஜன்னலோரம் நிற்கும் பெற்றோரைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் பிள்ளையை மட்டும் பார்ப்பதில்லை, நம்மையும்தான் பார்க்கிறார்கள். ‘இந்த டீச்சர் நம்ம பிள்ளைக்கு ஒத்துவருவாங்களா?’ என்பதுதான் அவர்கள் மனதில் ஓடுவது. வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் என்ன செய்ய முடியும்? 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். அங்கே ஆள் மாற்றிக் கேட்க வழியில்லை. ஆகவே அந்தக் கேள்வியை நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நான் அதைக் கேட்டுக்கொள்ளாமலே பல ஆண்டுகள் ஓட்டியவள். ஒரு வருடம் ஒன்றாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. அரையாண்டு விடுமுறை நெருங்கியும் வாய் திறக்கவில்லை. என்ன கேட்டாலும் சிலேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பாள். மந்தமான பிள்ளை என்று முடிவு கட்டி, அம்மாவை வரச் சொன்னேன். களையெடுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார்.

“வீட்டுலயும் இப்படித்தானா?” என்று கேட்டேன்.

“இல்லீங்க டீச்சர். வீட்டுல வாய் ஓயாது. தம்பிய உக்கார வச்சு தெனமும் டீச்சர் வெளையாட்டுதான். அப்படியே உங்கள மாதிரியே பேசுது.”

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எப்படிப் பேசுகிறாள் என்று கேட்டேன். அந்த அம்மா சிரித்து மழுப்பினார். விடாமல் கேட்டதும் சொன்னார். “கேள்வி கேக்குது. தம்பி வாயத் தொறக்குறதுக்குள்ள ‘தெரியாதா? சரி, அடுத்து நீ சொல்லு’ன்னு போயிருது. அடுத்த ஆளு தலகாணிங்க டீச்சர்.”

நான் பிரம்பு எடுத்ததில்லை. அடிப்பதையும் மனதளவில் துன்புறுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்வதற்கு முன்பிருந்தே எடுத்ததில்லை. அதுவே போதும் என்று நினைத்திருந்தேன். என் வேகம் மற்ற பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது. போட்டி போட்டுக்கொண்டு கத்துவார்கள். அந்த ஒருத்திக்கு மட்டும் நான் பொருந்தவில்லை. பதிலை மனதுக்குள் சேர்த்து வாய்க்குக் கொண்டுவர அவளுக்குக் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது. அதை நான் கொடுக்கவே இல்லை.

அதன்பிறகு கேள்வி கேட்டதும் மனதுக்குள் பத்து எண்ணத் தொடங்கினேன். சொல்ல எளிது. ‘டீச்சர், நான், நான்’ என்று நாலு பக்கமும் கை உயரும்போது ஆறு எண்ணுவதற்குள் பொறுமை போய்விடும். சில வாரம் கழித்து, கூட்டல் கணக்கின் நடுவே அவளாகவே, “டீச்சர், எங்க ஆடு குட்டி போட்டிருக்கு” என்றாள். அன்று கூட்டல் நடக்கவில்லை. ஆட்டுக்குட்டிதான் பாடம்.

எதைப் பார்த்து நம் பொருத்தத்தை அறிவது? ஜூன் மாத அழுகையைப் பார்த்து அல்ல. அது யாரிடமும் வரும். பெற்றோரின் பாராட்டை வைத்தும் அல்ல. ‘கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிங்க டீச்சர்’ என்று ஒப்படைத்துவிட்டுப் போகிற அப்பாக்கள் இன்றும் இருக்கிறார்கள். தப்பாக எழுதிவிட்ட பிள்ளை தன் சிலேட்டைப் பார்க்கிறதா, நம் முகத்தைப் பார்க்கிறதா என்று பாருங்கள். ஒன்றுக்குப் போகக் கேட்கத் தயங்கி அடக்கிக்கொண்டு இருப்பது யார் என்று பாருங்கள். எண்ணும் எழுத்தும் வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோம். அரும்பிலேயே நிற்கிற பிள்ளையின் பெயரை எழுதும்போது, தேங்கியது அந்தப் பிள்ளையா, நானா என்ற சந்தேகம் ஒரு தடவையாவது வரட்டும்.

அடுத்த முறை ஒரு தாயைப் பார்க்கும்போது, பிள்ளை வீட்டில் டீச்சர் விளையாட்டு விளையாடுகிறதா, அந்த டீச்சர் எப்படி என்று கேளுங்கள். தனியாகக் கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நாலு பேர் முன்னால் கேட்டால், “நல்லாத்தான் சொல்லிக் குடுக்குறீங்க டீச்சர்” என்றுதான் வரும்.