சிவப்பு விளக்குத் துறை



சிங்கப்பூருக்குச் சென்று வரும் நம் நாட்டவர் பெரும்பாலும் ஒரே வகையான காட்சிகளைத்தான் பார்த்து வருகின்றனர். வானளாவும் மாளிகைகளைக் காண்கின்றனர். சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட சிலையின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். அந்தச் சிலையிலிருந்து கூப்பிடு தூரத்தில், காலியர் கீ என்னும் சாலையை ஒட்டி, நீர்மீது நீண்டு நிற்கும் பழைய கட்டடம் ஒன்று உண்டு. அதன் பெயர் கிளிஃபர்ட் துறை. அதைக் காண வேண்டும் என்றே நான் சிங்கப்பூர் சென்றேன் என்று சொன்னால் நீங்கள் வியப்படையலாம்.

நான் வசிப்பது தாம்பரத்தை அடுத்த அஸ்தினாபுரத்தில். மீனம்பாக்கம் விமான நிலையம் எங்களுக்குச் சில கல் தொலைவுதான். அங்கே ஏறினால் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் சிங்கப்பூர். ஆனால் நம் பாட்டனார் காலத்துப் பிரயாணம் அப்படிப்பட்டதன்று. சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கப்பல் ஏறி, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சேர ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். 'ரஜூலா' என்னும் பெயரை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1926இல் கட்டப்பெற்ற அந்தக் கப்பல் 1973 வரை இந்த வழியில் ஓடியது. ஏறத்தாழ 5,000 பேரை ஏற்றிச் செல்ல அதற்கு அனுமதி இருந்தது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அறையும் கட்டிலும் இல்லாத டெக் பிரயாணிகள். பாய் விரித்த இடமே படுக்கை. கொண்டு சென்ற தகரப் பெட்டியே தலையணை. அதற்குப் பின் 'சிதம்பரம்' என்ற கப்பல் ஓடிற்று. 1985 பிப்ரவரியில் அதில் நேர்ந்த தீ விபத்தில் பலர் உயிரிழந்தனர். அதனுடன் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே இருந்த பயணிகள் கப்பல் போக்குவரத்தும் முடிந்தது.

துறைமுகம் என்றவுடன் கப்பல் நேரே கரையை அணைந்து நிற்பதாக நாம் எண்ணுகிறோம். எல்லாக் கப்பலும் அப்படி நிற்பதில்லை. சென்னையிலேயே நெடுங்காலம் கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட, அலை மேல் ஏறி இறங்கும் மசூலாப் படகுகளில்தான் மக்கள் கரை சேர்ந்தனர். சிங்கப்பூரில் அலையின் தொல்லை இல்லை. ஆயினும் வெளித்துறையில் நின்ற கப்பல்களிலிருந்து சிறு படகுகளிலேதான் பலர் வந்திறங்கினர். அவர்கள் கால் வைத்த படி இந்தத் துறையின் படி.

இதற்கு முன் அங்கே ஜான்ஸ்டன் துறை என்று ஒன்று இருந்தது. அது 1856இல் திறக்கப்பட்டது. ஜான்ஸ்டன் என்பவர் அந்நகரின் தொடக்க கால வணிகர். அத்துறையின் முனையில், இரவில் வரும் படகுகளுக்கு வழி தெரியச் சிவப்பு விளக்கு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஹொக்கியன் சீன மக்கள் வணிகரின் பெயரைச் சட்டை செய்யவில்லை. 'ஆங் தெங்', அதாவது சிவப்பு விளக்கு என்றே அதை அழைத்தனர். துறை பழுதாகி, புதிய துறை 1933 ஜூன் மாதம் திறக்கப்பட்டபோது அதற்கு ஆளுநர் சர் ஹ்யூ கிளிஃபர்டின் பெயரைச் சூட்டினார்கள். இவர் இலங்கையிலும் ஆளுநராக இருந்தவர், கதைகளும் எழுதியவர். பழைய பெயரே நீடிக்க வேண்டும் என்று அப்போது ஒரு குரல் எழுந்ததாம். சீன மக்களுக்கு அந்தச் சச்சரவே தேவைப்படவில்லை. புதிய கட்டடத்தையும் அவர்கள் சிவப்பு விளக்கு என்றே அழைத்தார்கள். ஆளுநர் மாறலாம், கட்டடம் மாறலாம். இருட்டில் படகில் வருபவனுக்கு விளக்குத்தானே முக்கியம்!

நான் சென்றது ஒரு பிற்பகல். முகப்பைக் கடந்தால் நீண்ட கூடம். இரு பக்கமிருந்தும் எழுந்து வளைந்து மேலே சேரும் கான்கிரீட் விட்டங்கள் கூரையைத் தாங்குகின்றன. கூடத்தின் நடுவே ஒரு தூணும் இல்லை. கூட்டம் கூட்டமாய் மூட்டை முடிச்சுகளுடன் வருவோர் முட்டிக்கொள்ளாமல் நடக்க வேண்டும் என்று எண்ணிக் கட்டியவர்களின் கருத்து எனக்குப் பிடித்திருந்தது. இப்போது மூட்டை சுமப்போர் எவரும் இல்லை. 2006 ஏப்ரலில் துறை மூடப்பட்டது. கட்டடத்தை இடிக்காமல் காத்து, ஒரு பெரிய ஓட்டலின் பகுதியாக்கியிருக்கிறார்கள். பளபளக்கும் தரையில் என் செருப்பின் ஓசை எனக்கே கூச்சமாக இருந்தது.

கூடத்தின் மறுமுனையில் நின்று நீரைப் பார்த்தேன். அங்கேதான் பெரிய மாறுதல். அது இப்போது கடலே அன்று! எதிரே கடலைத் தூர்த்துப் புதுநிலம் ஆக்கினார்கள். எஞ்சிய வாயிலில் 350 மீட்டர் நீளத்தில் ஓர் அணை எழுப்பினார்கள். மரினா அணை என்னும் அது 2008இல் முடிந்தது. ஒன்பது கதவுகள் கடல் நீரை வெளியே நிறுத்துகின்றன. பெருமழையின்போது திறந்து வெள்ளத்தை வெளியேற்றுகின்றன. அந்நாட்டின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கில் பெய்யும் மழை இங்கே வந்து சேர்கிறது. உப்பு நீர் சில ஆண்டுகளில் நன்னீராயிற்று. குடிநீருக்கு அண்டை நாட்டையும் நம்பியிருக்கும் ஒரு தீவுக்கு இது சிறிய காரியம் அன்று. மழைநீரை ஆண்டுதோறும் கடலுக்குக் கொடுத்துவிட்டு லாரிக்குக் குடத்துடன் காத்திருக்கும் நம் புறநகர்வாசிகளுக்கு இதன் அருமை நன்றாகவே விளங்கும். ஆனால் கடலிலிருந்து வரும் கப்பலுக்கு வழி அடைபட்டது. துறை நிற்கிறது, துறைக்கு வேண்டிய கடல் இல்லை.

சாலைக்கு அப்பால், பழைய கிட்டங்கிகள் இருந்த மார்க்கெட் தெருவரை நடந்தேன். நகரத்தார் ஒரு பாயும் ஒரு பெட்டகமும் வைத்துக்கொண்டு கோடிக்கணக்கில் கொடுக்கல் வாங்கல் நடத்திய இடம். இப்போது எல்லாம் கண்ணாடி மாளிகை. துறைக்கு நேர் எதிரே இருந்த சேஞ்ச் சந்தில், கப்பலிறங்கிய மாலுமிகளுக்கு நாணயம் மாற்றிக் கொடுத்தோரில் நம் தமிழ் முஸ்லிம்கள் பலர். அந்தச் சந்தும் 1989இல் மறைந்தது. அதற்கும் ஒரு நூற்றாண்டு முன்னரே, சிங்கப்பூர் ஆற்றில் சரக்குப் படகு தள்ளியவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற சூலியாக்கள். 1822ஆம் ஆண்டின் நகரமைப்புத் திட்டம் ஆற்றோரத்தில் அவர்களுக்குத் தனியிடம் ஒதுக்கியது. இன்று சூலியா தெரு என்ற பெயர்ப் பலகை இருக்கிறது. அவ்வழியே விரையும் அலுவலக இளைஞர் ஒருவரை நிறுத்தி, சூலியா என்றால் யார் என்று கேட்டேன். ஒரு வங்கியின் பெயராக இருக்கும் என்றார்!

மறுநாள் மரினா தெற்குத் துறைக்குச் சென்றேன். கிளிஃபர்ட் துறையிலிருந்து புறப்பட்ட தீவுப் படகுகள் 2006 முதல் இங்கிருந்துதான் செல்கின்றன. அரை மணி நேரத்திற்கு மேல் ஓடிய படகு என்னைச் செயின்ட் ஜான் தீவில் இறக்கிவிட்டது. 1874இல் அங்கே தொற்றுநோய்த் தடுப்பு நிலையம் அமைந்தது. காலராவும் பெரியம்மையும் நகருக்குள் நுழையாதபடி, கப்பலில் வந்த டெக் பிரயாணிகளை முதலில் இங்கே இறக்கிச் சோதிப்பார்கள். நோய்க்குறி உள்ளவரும் அவருடன் வந்தவரும் நாட்கணக்கில் தங்க வேண்டும். நகரின் விளக்குகள் கண்ணுக்குத் தெரியும். கால் வைக்க இயலாது. மேல் வகுப்பில் வந்தவர்க்கு இந்தக் காவல் இவ்வளவு கடுமையாக இருந்ததில்லை. கிருமிக்கு டிக்கெட்டின் வகுப்புத் தெரியாது என்பதை அதிகாரிகள் அறியாதவர்களா என்ன?

கிளிஃபர்டின் பெயரும் ஜான்ஸ்டனின் பெயரும் ஏடுகளில் இருக்கின்றன. இந்தத் தீவில் பாய் விரித்துக் காத்திருந்தவர்களின் பெயர்களைச் சொல்லும் பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை. அவர்களுள் சிலருடைய பேரப்பிள்ளைகள் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். உங்கள் வீட்டுப் பரணில் பழைய தகரப் பெட்டி இருந்தால், அதன் மூடியில் கப்பல் சீட்டு ஒட்டிய தடம் இருக்கிறதா என்று இந்த வாரம் ஒரு முறை பாருங்கள்.

நான் அமர்ந்திருந்த மரத்தடியிலிருந்து ஜலசந்தி முழுவதும் தெரிந்தது. எண்ணெய்க் கப்பல்களும் சரக்குக் கப்பல்களும் வரிசையாக நங்கூரமிட்டு, உள்ளே வரும் முறைக்காகக் காத்து நின்றன. மாலையில் ஒவ்வொன்றாக விளக்கேற்றின. கடைசிப் படகுக்கு மணி ஆகிவிட்டது என்று காவலர் கையசைத்தார். எழுந்து துறையை நோக்கி நடந்தேன்.