மருமகளை மட்டும் சொல்லாதீங்க



நான் போதை மறுவாழ்வு மையத்தில் நர்ஸாக இருக்கிறேன். குடியைப் பற்றி இந்த மேடையில் நிறையப் பேசியாச்சு. இன்னைக்கு வலி மாத்திரை. டேபென்டடால்னு ஒண்ணு, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. அதைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பையன்களைப் பற்றி நம் மாநிலத்தில் அடிக்கடி செய்தி வருது. அபினும் ஹெராயினும் மூளையில் தட்டுகிற அதே கதவைத்தான் இதுவும் தட்டும்.

மையத்துக்கு வரும் அம்மாக்கள் கேட்பது ஒன்றுதான். "கூடப் போனவன் விட்டுட்டான், எம்புள்ள மட்டும் ஏன் மாட்டிக்கிட்டான்?" பக்கத்தில் நிற்கும் மாமியார் முந்திக்கொள்வார்: "எல்லாம் தாய்மாமன் ரத்தம்."

ரத்தத்தில் கொஞ்சம் இருக்கத்தான் செய்யுது. இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி, ஒருவர் அடிமையாவதற்கும் இன்னொருவர் ஆகாததற்கும் உள்ள வித்தியாசத்தில் சுமார் பாதி பரம்பரை. அதுவும் ஒரே ஜீன் இல்லை, பல ஜீன்கள் சேர்ந்து. இருமல் மருந்தில் போடும் கோடீனையே பாருங்க. கல்லீரல் அதை மார்பினாக மாற்றும். சிலர் உடம்பில் அது படுவேகம், சிலர் உடம்பில் நடக்கிறதே இல்லை. அந்த வேகத்தால் சில குழந்தைகளுக்கு மூச்சே நின்றுபோனது. அதனால்தான் அமெரிக்காவில் 2017-ல் 12 வயதுக்குக் கீழே கோடீன் தரக் கூடாதென்றார்கள்.

ஆனால் ஜீன் அம்மாவிடம் பாதி, அப்பாவிடம் பாதி. மருமகளை மட்டும் சொல்ல இதில் இடமே இல்லை. (மாமியார்கள் கோவிச்சுக்காதீங்க, நானும் மாமியார்தான்.) மாத்திரையே கையில் படாதவனை எந்த ஜீனும் அடிமையாக்காது.

இதைக் கேட்டுப் பயந்து, புற்றுநோய் வலியில் துடிக்கிறவருக்கு டாக்டர் தரும் மார்பினை வேண்டாம்னுடாதீங்க. "எங்க குடும்பத்துல ஒருத்தருக்கு இந்தப் பழக்கம் இருந்துச்சு"ன்னு சர்க்கரை இருக்கிறதைச் சொல்ற மாதிரி சொல்லிடுங்க. அளவு பார்த்துத் தருவாங்க. மீந்த மாத்திரையை அலமாரியில் போட்டு வைக்காதீங்க.

சிக்கினவங்களுக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் மாத்திரை இருக்கு. மாதக்கணக்கில் சாப்பிடணும், பாதியில் நிறுத்தக் கூடாது. கொஞ்ச நாள் விட்டவன் பழைய அளவையே திரும்பப் போட்டால் உயிருக்கே ஆபத்து. உடனே 108-ஐக் கூப்பிடுங்க. போதை மீட்பு உதவி எண் 14446. குழுவின் தீர்மானப் புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே எழுதிக்குங்க.